எழுபத்து நாலாவது மெஷர்: டெக்சஸ் பள்ளி இசைப் போட்டிகளில் நான்கு வருடம்

என் மகள் ஒன்பதாம் வகுப்பில் முதல் தடவை சோலோ வாசித்துவிட்டு வெளியே வந்ததும் நான் கேட்டது, "எத்தனாவது ப்ளேஸ்?" கிளாரினெட்டைத் துண்டு துண்டாகக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "ப்ளேஸெல்லாம் கிடையாதும்மா. எனக்கு டூ" என்றாள். இரண்டாம் பரிசு என்று நினைத்துக்கொண்டு அங்கேயே நின்று குடும்ப வாட்ஸ்அப்பில் செய்தி போட்டேன். திருச்சியிலிருந்து என் அம்மா கைதட்டும் படமாக ஐந்தாறு அனுப்பினார். அப்புறம்தான் நடைபாதைச் சுவரில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தேன். அந்த அறையில் அதுவரை வாசித்திருந்த பதினெட்டுப் பேரில் ஒன்பது பேருக்கு 1. ஏழு பேருக்கு 2. மீதி இரண்டு பேருக்கு 3.

ஊருக்குப் போட்ட செய்தியை அழிக்கவில்லை. இன்றைக்கும் என் அம்மா அவளை "ரெண்டாவதா வந்தவ" என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நான் வளர்ந்த விதம் அப்படி. பள்ளிப் பாட்டுப்போட்டி என்றால் முதல் பரிசு, இரண்டாம் பரிசு, மூன்றாம் பரிசு, அப்புறம் மனம் நோகாமல் இருக்க ஆறுதல் பரிசு. பக்கத்தில் பாடுகிறவள் தடுமாறினால் நமக்கு லாபம். அமெரிக்கப் பள்ளிகளின் 'சோலோ அண்ட் ஆன்சாம்பிள்' அந்த ரகமே இல்லை. தனியாக வாசிப்பது சோலோ, சிறு குழுவாக வாசிப்பது ஆன்சாம்பிள். ஒவ்வொரு குழந்தையையும் ஒரு தரத்தோடுதான் ஒப்பிடுகிறார்கள், அடுத்த குழந்தையோடு இல்லை. அறையில் இருக்கும் எல்லாருமே 1 வாங்கலாம், ஒருவரும் வாங்காமலும் போகலாம். இங்கும் ஆதியிலிருந்தே இப்படி இருக்கவில்லையாம். 1923-இல் சிகாகோவில் பள்ளி பேண்டுகளுக்கு முதல் தேசியப் போட்டி நடந்தபோது வரிசைப்படுத்திப் பரிசுதான் கொடுத்திருக்கிறார்கள். வாத்தியம் செய்து விற்கும் கம்பெனிகள்தான் அதற்குப் பணம் போட்டவை. வரிசையை விட்டுவிட்டுத் தரம் போடும் முறைக்கு 1930களில் மாறினார்கள்.

நாங்கள் இருப்பது டெக்சஸில். இங்கே இதை நடத்துவது யு.ஐ.எல்., அதாவது யுனிவர்சிட்டி இன்டர்ஸ்கொலாஸ்டிக் லீக். 1910-இல் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் பேச்சுப்போட்டிக்காக ஆரம்பித்த அமைப்பு, இன்று ஃபுட்பால் முதல் இசை வரை எல்லாவற்றுக்கும் விதி எழுதுகிறது. தரம், அவர்கள் பேச்சில் டிவிஷன், ஐந்து: 1 மிகச் சிறப்பு, 5 மிக மோசம். 4, 5 வாங்கிய குழந்தையை நான் பார்த்ததே இல்லை. வாசிக்கும் உருப்படியை நம் இஷ்டத்துக்கு எடுக்க முடியாது. யு.ஐ.எல். வெளியிடும் பட்டியலில் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் கிளாஸ் 1, 2, 3 என்று பிரித்துக் கொடுத்திருப்பார்கள், அதில் இருந்தே எடுக்க வேண்டும். கிளாஸ் 1-தான் கடினம். கிளாஸ் 1 சோலோவை மனப்பாடமாக வாசித்து, வட்டாரப் போட்டியில் 1 வாங்கினால் மாநிலப் போட்டிக்குப் போகலாம்.

இரண்டு '1' குழம்பும். கிளாஸ் வேறு, தரம் வேறு. "கிளாஸ் 1-இல் டிவிஷன் 1" என்று முழுசாகச் சொன்னால்தான் பொருள்.

இந்தக் குழப்பத்தில்தான் பெற்றோர் ஒரு தப்பு செய்கிறோம், நானும் செய்தேன். கடினமான உருப்படி எடுத்தால் நடுவர் இரக்கப்பட்டுக் கூட மதிப்பெண் போடுவார் என்று நினைப்போம். போட மாட்டார். கிளாஸ் 2-ஐ அழகாக வாசித்தவளுக்கு 1, கிளாஸ் 1-ஐ மூச்சு வாங்க வாசித்தவளுக்கு 3. உருப்படியின் கனம் குழந்தையின் கணக்கில் வரவாவதில்லை.

சரி, அந்த முதல் வருடத்துக்கே வருகிறேன். 2 வாங்கியதாவது பரவாயில்லை, வாசிக்காமலே திரும்பியிருப்போம்.

போட்டிக்கு முந்தின இரவு, புத்தகம் பிரிந்துவிடும், கசங்கிவிடும் என்று நான் அக்கறையாக அந்தப் பக்கங்களை ஆபீஸில் ஜெராக்ஸ் எடுத்து, பிளாஸ்டிக் உறைகளில் போட்டு, ஃபைலாக்கிக் கொடுத்தேன். அசல் புத்தகம் வீட்டு மேஜையில் பத்திரமாக இருந்தது. காலையில் அறை வாசலைப் பார்த்துக்கொள்ளும் மானிட்டர் அம்மாள் ஃபைலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஒரிஜினல் எங்கே?" என்று கேட்டார். விதி இது: நடுவரிடம் கொடுக்கும் பிரதி அசலாக இருக்க வேண்டும், ஒவ்வொரு மெஷருக்கும், அதாவது தாளில் கோடு போட்டுப் பிரித்த ஒவ்வொரு கட்டத்துக்கும், எண் போட்டிருக்க வேண்டும். ஜெராக்ஸ் காப்பி கொண்டுவந்தால் தகுதி நீக்கம்.

நான் வாதாடினேன். புத்தகம் எங்களுடையதுதான், காசு கொடுத்து வாங்கியதுதான், ரசீது இருக்கிறது. அவர் குரலை உயர்த்தாமல், "அந்தப் புத்தகத்தைத்தான் கேட்கிறேன்" என்றார். மகள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வீட்டுக்கு இருபத்தைந்து நிமிடம், திரும்பி வர இருபத்தைந்து நிமிடம். நல்ல மனசு அவருக்கு, மதிய உணவுக்கு முந்தின கடைசி இடத்துக்கு அவளை மாற்றிக் கொடுத்தார். நான் மூச்சிரைக்கப் புத்தகத்தோடு வந்து சேர்ந்தபோது அவள் ஒரு மணி நேரமாகப் பதற்றத்திலேயே ரீடை, அதாவது வாயில் வைத்து ஊதும் மெல்லிய நாணல் பட்டையை, கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ரீட் நுனி பிளந்திருந்தது. அந்த 2-இல் என் பங்கு எவ்வளவு என்று இன்றுவரை அவள் சொன்னதில்லை. எனக்குத் தெரியும்.

பின்னால் இந்த விதியின் வேரைத் தேடிப் படித்தேன். அமெரிக்கக் காப்புரிமைச் சட்டம் 1976-இல் திருத்தப்பட்டபோது, இசை ஆசிரியர்களும் பதிப்பாளர்களும் பள்ளிகளுக்கென்று சில வழிகாட்டுதல்களை ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். நிகழ்ச்சி நெருங்கும் நேரத்தில் வாங்கிய பிரதி தொலைந்துவிட்டால் அவசரத்துக்கு நகல் எடுக்கலாம், ஆனால் பின்னால் அசல் வாங்கி வைத்துவிட வேண்டும். இந்தச் சலுகையைக் காட்டி வாசலில் வாதாடலாம் என்று யாரும் நினைக்காதீர்கள். போட்டி விதி சட்டத்தைவிடக் கறார். பேசாமல் இரண்டு புத்தகம் வாங்கிவிடுங்கள், ஒன்று கிறுக்கிப் பழக, இன்னொன்று நடுவருக்கு. இணையத்தில் வாங்கி அச்சிட்டதாக இருந்தால் வாங்கிய சான்றை அதோடு பின் அடித்து வையுங்கள்.

மெஷர் எண் போடுவதிலும் ஒரு கதை உண்டு. மேற்கத்திய இசைத்தாளில் செங்குத்துக் கோடுகளுக்கு நடுவே இருக்கும் ஒவ்வொரு கட்டமும் ஒரு மெஷர், நம் ஆவர்த்தனம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் வருடம் பென்சில் எடுத்து நானே பொறுப்பாக எண் போட்டேன். அந்த உருப்படி முழு மெஷரில் ஆரம்பிக்கவில்லை, முன்னால் ஒரே ஒரு ஸ்வரம் தொங்கிக்கொண்டிருந்தது. அதையும் ஒரு கட்டமாக எண்ணிவிட்டேன். அப்படித் தொங்கும் ஸ்வரத்துக்கு எண் கிடையாது, அடுத்த முழு மெஷர்தான் 1. நம்மிடம் இது அதீத எடுப்பு. சமத்துக்கு முன்னாலேயே பாட்டு ஆரம்பித்துவிடும், ஆனாலும் தாளம் சமத்தில் இருந்துதானே கணக்கு? பத்து வருடம் பாட்டு கற்ற எனக்கு அது அந்த மேஜையில் உறைக்கவில்லை.

விளைவு, கடைசிப் பக்கம் வரை எல்லா எண்ணும் ஒன்று கூடுதல். அவளுக்குப் பக்கவாத்தியமாகப் பியானோ வாசித்தவரின் தாளில் சரியான எண். ஒத்திகையில் "40-இல் இருந்து எடுக்கலாம்" என்றால் இருவரும் வேறு வேறு இடத்தில் ஆரம்பித்தார்கள். நடுவருக்கு வேறு புத்தகம் இருக்கிறதே என்று அதில் மட்டும் திருத்தினேன், மகளுடையதில் விட்டுவிட்டேன். சோம்பல்தான்.

அந்த வருடமும் 2. மதிப்பீட்டுத் தாளில் நடுவர் எழுதியிருந்தார்: "மெஷர் 74, ஓய்வு முழுதாக இல்லை." வீட்டுக்கு வந்து அவள் புத்தகத்தில் 74-ஐப் பார்த்தோம், அங்கே ஓய்வே இல்லை. நடுவர் யாரையோ நினைத்து யாருக்கோ எழுதிவிட்டார் என்று இரண்டு நாள் திட்டினேன். மகள்தான் கண்டுபிடித்தாள். அவள் புத்தகத்தில் அது 75. அங்கே மூன்றரை அடி ஓய்வு இருந்தது. அவள் விட்டது ஒன்றரை.

ஏன் அப்படி ஆனது என்று உட்கார்ந்து பார்த்ததில்தான் எனக்குப் பெரிய விஷயம் ஒன்று பிடிபட்டது. அவள் அந்த உருப்படியைக் காதால் மனப்பாடம் செய்திருந்தாள். யாரோ வாசித்த பதிவை நூறு தடவை கேட்டு, பாட்டு கற்பது போலக் கற்றாள். அப்படிக் கற்க வைத்தது நான்தான். தாளை மேடையில் வைத்துக்கொண்டு வாசிப்பது என் மனசுக்கு ஒப்பாது. நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு மனப்பாடம் சுலபமாக வரும், அது வரம். ஆனால் காதில் நின்றது ஸ்வரம், நடுவில் இருந்த மௌனம் நிற்கவில்லை. பதிவில் அந்த இடத்தில் பியானோ இருந்தது, அது நிரப்பிய நேரத்தை அவள் எண்ணியதே இல்லை. நடுவரோ அச்சிட்ட தாளில் விரல் வைத்துப் பின்தொடர்கிறார். அசல் கேட்பதும் எண் கேட்பதும் அதற்குத்தான்.

அடுத்த வருடத்தில் இருந்து ஒரு பழக்கம் வைத்துக்கொண்டோம். மனப்பாடம் ஆனபிறகு, பியானோ பகுதியை மட்டும் ஓடவிட்டு, வாத்தியம் இல்லாமல், தொடையில் தாளம் போட்டுக்கொண்டு உட்காருவாள். தன் இடம் வரும்போது மட்டும் "நான்" என்று சொல்வாள். அவ்வளவுதான். பார்க்கச் சிரிப்பாக இருக்கும். மூன்று நாளில் ஓய்வெல்லாம் உட்கார்ந்துவிட்டது.

மூன்றாம் வருடம் பெற்றோர் தன்னார்வலராக அறை மானிட்டர் வேலைக்குப் பெயர் கொடுத்தேன். முதல் வருடம் என்னைத் திருப்பி அனுப்பிய அதே நாற்காலி. பிள்ளைகளின் பெயரைச் சரிபார்ப்பது, அசல் புத்தகம் வாங்கி நடுவரிடம் வைப்பது, வாசித்துக்கொண்டிருக்கும்போது யாரும் கதவைத் திறக்காமல் பார்ப்பது, நேரம் பார்ப்பது. என் பிள்ளை வாசிக்காத அறையாகப் பார்த்துப் போட்டார்கள். ஒரு நாள் முழுக்க முப்பத்துச் சொச்சம் பிள்ளைகளைக் கேட்டேன். இத்தனை வருடம் வெளியே நின்று புரியாதது அன்று புரிந்தது.

அறைக்கு ஒரே ஒரு நடுவர்தான். பெரிய பேண்ட் போட்டியில் மேடைக்கு மூன்று பேர், அங்கே ஒருவர் கறாராக இருந்தாலும் மற்ற இருவர் சமன் செய்துவிடலாம். இங்கே அந்தக் காப்பு கிடையாது. அன்று எங்கள் அறைக்கு வந்தவர் ஓய்வுபெற்ற பேண்ட் ஆசிரியர். உள்ளே வரும் பிள்ளையைப் பார்த்துச் சிரிப்பார். வாசிக்க ஆரம்பித்ததும் முகத்தில் ஒன்றும் இருக்காது, பேனா மட்டும் ஓடும். பேனா ஓடுவதைப் பார்த்துப் பிள்ளைகள் பயப்படுகிறார்கள். எட்டிப் பார்த்ததில் பாதி வரிகள் பாராட்டு. வீட்டில் இதைச் சொல்லி வையுங்கள்: பேனா ஓடுவது தப்பைக் குறித்துக்கொள்ள மட்டும் இல்லை.

அவர் பேனாவை எடுத்த நேரங்களைக் கவனித்தேன். முதல் ஸ்வரத்துக்கு முன்னாலேயே எழுத ஆரம்பித்துவிடுகிறார். சுருதி சேர்க்கும் இடத்தில். பெரும்பாலான பிள்ளைகள் பியானோவில் ஒரு ஸ்வரம் கேட்டு, தாங்களும் அதை ஊதி, சேர்ந்ததா இல்லையா என்று கேட்காமலே தலையாட்டிவிடுவார்கள். அது ஒரு சடங்கு. ஒரு பையன் மட்டும் ஊதினான், நிறுத்தினான், குழலைக் கொஞ்சம் இழுத்தான், மறுபடி ஊதினான், இன்னும் கொஞ்சம் இழுத்தான். பிப்ரவரிக் குளிரில் காரில் கிடந்த வாத்தியத்தின் சுருதி இறங்கி நிற்கும், ஊதிச் சூடேற ஏற அது உயரும், குழலை இழுத்துத்தான் இறக்க வேண்டும். அது அவனுக்குத் தெரிந்திருந்தது. நடுவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். தம்புரா சேர்க்கும்போதே வித்வானை எடைபோடுவார்கள் என்று என் பாட்டு டீச்சர் சொல்வார்.

ஒற்றை ஸ்வரம் தவறியதைப் பற்றி அவர் அநேகமாக எழுதவே இல்லை. எழுதியவை: ஓட்டம் வேகமாகிக்கொண்டே போகிறது, சொற்றொடரின் கடைசி ஸ்வரம் மூச்சில்லாமல் அறுந்து விழுகிறது, மெல்லிய ஒலியும் உரத்த ஒலியும் ஒரே அளவில் இருக்கின்றன. பதற்றத்தில் காலப்பிரமாணம் கூடுவது எல்லாருக்கும் வருகிறது. வீட்டில் நிதானமாக வாசித்த வேகத்தைவிட ஒரு பிடி குறைத்து ஆரம்பிப்பதாக நினைத்துக்கொண்டால், அறைக்குள் அது சரியான வேகமாக வரும்.

தப்பு வந்தால் என்ன செய்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம் பெரிதாகத் தெரிந்தது. ஒரு பெண் நடுவில் தடுமாறி, நிறுத்தி, "சாரி" சொல்லி, நாலு மெஷர் பின்னால் போய் மறுபடி எடுத்தாள். பியானோக்காரர் திணறிப்போனார். இன்னொருத்தி இரண்டு மெஷர் முழுக்கத் தொலைத்தாள், ஆனால் தாளத்தை விடவில்லை, மூன்றாவதில் ஏறிக்கொண்டாள். இரண்டாவது பெண்ணுக்கு 1 வந்தது. கிளாஸ் 1 மனப்பாடமாக வாசிக்க வந்த ஒரு பையனுக்கு முன்னுரையிலேயே எல்லாம் மறந்துவிட்டது. நடுவர் எழுந்து போய்ப் புத்தகத்தை அவன் கையில் கொடுத்து, "இசையைக் கேட்கத்தான் வந்தேன், பார்த்தே வாசி" என்றார். மாநிலப் போட்டிக்கான வாசல் அதோடு மூடிவிட்டது. ஆனால் அவன் முழுசாக வாசித்துவிட்டுத்தான் போனான்.

மதியம் சாண்ட்விச் சாப்பிடும்போது துணிந்து கேட்டேன்: காலையில் முதல் ஆளுக்குப் போடும் அளவும் சாயங்காலம் கடைசி ஆளுக்குப் போடும் அளவும் ஒன்றாகவா இருக்கும்? அவர் மறுக்கவில்லை. "முதல் பிள்ளை வருவதற்கு முன்னால் 1 என்றால் எப்படி ஒலிக்கும் என்று மனசில் ஒரு தடவை கேட்டுக்கொள்வேன். சாப்பாட்டுக்குப் பிறகு இன்னொரு தடவை. இல்லையென்றால் பக்கத்தில் வாசித்தவனோடு ஒப்பிட ஆரம்பித்துவிடுவேன்" என்றார். அந்தப் பதில் எனக்குப் பிடித்தது. அதற்காக எல்லா நடுவரும் ஒரே அளவுகோல் வைத்திருக்கிறார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். இல்லை. சில அறைகளில் 1 தாராளமாகக் கிடைக்கும், சில அறைகளில் பிசினாறித்தனம். யார் எந்த அறை என்பது அதிர்ஷ்டம்தான்.

அன்று பக்கத்து அறை வாசலில் ஒரு அப்பா சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். மகனுக்கு 2 வந்தது அநியாயம், ஐந்து வருடமாகத் தனி வகுப்பு, மணிக்கு இத்தனை டாலர் என்று. பையன் சுவரைப் பார்த்து நின்றான். நடுவர் போட்ட தரத்தை எதிர்த்து முறையீடு கிடையாது, அது இறுதி. விதி மீறல் நடந்திருந்தால் மட்டும், அதுவும் பேண்ட் ஆசிரியர் வழியாக, போட்டியை நடத்துபவரிடம் போகலாம். பெற்றோர் நேராக நடுவரிடம் போவது யாருக்கும் நல்லதில்லை, முக்கியமாக அந்தப் பிள்ளைக்கு.

ஊர் மாறினால் விதி மாறும், இதையும் சொல்லிவிடுகிறேன். நியூயார்க்கில் இருக்கும் என் நாத்தனார், "ஸ்கேல் எல்லாம் மனப்பாடமா? சைட் ரீடிங் பழகினாளா?" என்று போனில் பயமுறுத்தினார். அங்கே லெவல் 1 முதல் 6 வரை, அதே அறையில் ஸ்கேலும் (நம் ஆரோகண அவரோகணம் மாதிரி) முன்பின் பார்க்காத தாளை வாசிக்கும் சைட் ரீடிங்கும் உண்டு. லெவல் 4 வரை 28-க்கு மதிப்பெண், 5, 6-க்கு 100-க்கு. விஸ்கான்சினில் கிளாஸ் ஏ, பி, சி. ஏ-யில் 1-க்குப் பக்கத்தில் நட்சத்திரம் விழுந்தால்தான் மாநிலம். சொந்தக்காரர் சொல்லும் விதி அவர் மாநிலத்து விதி. உங்கள் மாநிலத்து விதிப் புத்தகத்தை நீங்களே படியுங்கள், ஒவ்வொரு வருடமும். பட்டியலில் உருப்படியின் பெயருக்குப் பக்கத்தில் எந்தப் பகுதியை வாசிக்க வேண்டும் என்று சின்னதாக ஒரு வரி இருக்கும். அதைப் படிக்காமல் வேறு பகுதியைத் தயார் செய்துகொண்டு வந்த ஒருவரை அந்த மானிட்டர் நாற்காலியில் இருந்து நானே திருப்பி அனுப்ப வேண்டி வந்தது. மறக்க முடியாத நிமிடம் அது.

குழு வாசிப்புக்கு வருகிறேன். நாலு பிள்ளைகள், மூன்று கிளாரினெட், ஒரு பேஸ் கிளாரினெட். முன்னால் நின்று கை காட்ட யாரும் கிடையாது, நடத்துநர் கூடாது என்பது விதி. ஒரு பகுதிக்கு ஒரே ஆள். அதனால் ஒருவர் வரவில்லை என்றால் முடிந்தது. மகளின் இரண்டாம் வருடத்தில் அப்படித்தான் முடிந்தது. பேஸ் வாசிக்கும் பையனுக்குக் கணக்கில் 68. டெக்சஸில் 1984 முதல் 'நோ பாஸ், நோ ப்ளே' சட்டம்: ஒரு பாடத்தில் 70-க்குக் கீழே போனால் போட்டி எதிலும் கலந்துகொள்ளக் கூடாது. இரண்டு மதிப்பெண். மூன்று மாதப் பயிற்சி போயிற்று. அவன் அம்மா என்னிடம் மன்னிப்புக் கேட்டார், எனக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது. அடுத்த வருடம் நாலு வீட்டு அம்மாக்களும் சேர்ந்து மதிப்பெண் அறிக்கை வரும் தேதிகளைப் போட்டித் தேதியோடு சேர்த்து ஒரே நாள்காட்டியில் போட்டோம். அந்தப் பையன் கணக்கில் 83 வாங்கினான், என் மகள்தான் வேதியியலில் 71-இல் நின்று என் வயிற்றில் புளியைக் கரைத்தாள்.

அந்த வருடம் வாசித்தார்கள். நடுவர் எழுதிய முதல் வரி: "நாலு நல்ல சோலோக்காரர்கள்." பாராட்டு இல்லை அது. ஒருவர் மூச்சை ஒருவர் கேட்காமல் அவரவர் வழியில் போனார்கள் என்று அர்த்தம். பேண்ட் ஆசிரியர் ஒரு வைத்தியம் சொன்னார். நாலு பேரும் முதுகோடு முதுகாக உட்கார்ந்து வாசியுங்கள். கண் உதவாது, முதல் கிளாரினெட் இழுக்கும் மூச்சை வைத்துத்தான் எல்லாரும் ஆரம்பிக்க வேண்டும். அந்த மூச்சே உருப்படியின் வேகத்தில் இருக்க வேண்டும், நெஞ்சு நிறைய ஒரு அடி. முதல் நாள் கந்தரகோளம். இரண்டு வாரத்தில் என் வரவேற்பறையில் நாலு பேரும் ஒரே ஆளாக ஆரம்பித்தார்கள்.

இன்னொரு வரியும் இருந்தது: "கடைசி ஸ்வரக் கூட்டில் மூன்றாவது ஸ்வரம் உயர்ந்து நிற்கிறது." அதை வாசித்த பெண் ட்யூனர் கருவியை எடுத்துக் காட்டினாள், பச்சை விளக்கு, சரியாகத்தான் இருக்கிறது. இங்கே மட்டும் என் பத்து வருடப் பாட்டு உதவிற்று. சுருதிப்பெட்டியைப் போட்டு அந்தர காந்தாரத்தைப் பாடிக் காட்டினேன். சட்ஜ பஞ்சமத்தோடு அது கரைந்து உட்காரும் இடம், பியானோவும் ட்யூனரும் காட்டும் இடத்தைவிடக் கிட்டத்தட்ட 14 சென்ட் கீழே இருக்கிறது. ஒரு அரை ஸ்வரத்தை நூறாகப் பிரித்தால் அதில் 14 பங்கு. அவள் உதட்டைத் தளர்த்திக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினாள். ஒரு இடத்தில் நாலு குழலும் ஒன்றாகிவிட்டன. எல்லாரும் வாத்தியத்தை எடுத்துவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ட்யூனரில் சிவப்பு. பியானோவோடு வாசிக்கும்போது மட்டும் பியானோ சொல்வதே சட்டம், அங்கே இறக்கினால் தப்பு.

பியானோக்காரரைப் பற்றிச் சுருக்கமாக. டிசம்பரிலேயே பிடித்துவிடுங்கள். ஒரே ஆள் அன்று இருபது பிள்ளைகளுக்கு அறை அறையாக ஓடிக்கொண்டிருப்பார், உங்கள் நேரத்தில் அவர் வேறு அறையில் மாட்டிக்கொள்ளலாம், அது யார் தப்பும் இல்லை, மானிட்டரிடம் சொன்னால் ஒருவரை முன்னால் விடுவார்கள். குறைந்தது இரண்டு ஒத்திகை. நீளமான பியானோ இடையிசையை எங்கே வெட்டுவது என்று பேசி, மூன்று பிரதியிலும் குறியுங்கள். நடுவர் வந்திருப்பது உங்கள் பிள்ளையைக் கேட்க.

பன்னிரண்டாம் வகுப்பில் ஜெர்மன் இசையமைப்பாளர் வெபரின் கன்செர்ட்டினோ எடுத்தாள். 1811-இல் எழுதியது, கிளாரினெட் பிள்ளைகள் எல்லாரும் ஒருநாள் முட்டிப் பார்க்கும் கிளாஸ் 1 உருப்படி. வட்டாரத்தில் 1. மாநிலத்துக்குப் போய் அங்கே 2. திரும்பி வரும் வழியில் காரில் நாலு வருட மதிப்பீட்டுத் தாள்களையும் மடியில் பரப்பி வைத்துக்கொண்டு படித்தாள். நான் தரத்தை மட்டும் பார்த்துவிட்டு ஃபைலில் செருகிய தாள்கள். கொஞ்ச நேரம் கழித்து, "அம்மா, இதைக் கேளு" என்று வரிசையாக வாசித்தாள். நாலு வருடம், நாலு நடுவர், ஒருவரை ஒருவர் பார்த்திருக்கவே மாட்டார்கள். வார்த்தைதான் வேறு: சொற்றொடரின் முடிவில் மூச்சு விட்டுப்போகிறது. நாலாவது நடுவர் அதை அடிக்கோடிட்டிருந்தார். "முதல் வருஷமே சொல்லிட்டாங்க" என்றாள். நான் சாலையைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தேன்.

இப்போது அவள் தம்பி வயோலா எடுத்திருக்கிறான், ஒன்பதாம் வகுப்பு. போன ஞாயிற்றுக்கிழமை அவள் கல்லூரியிலிருந்து வந்திருந்தபோது சாப்பாட்டு மேஜையில் இரண்டு அசல் புத்தகங்களையும் விரித்து, அவனை உட்காரவைத்து எண் போடச் சொன்னாள். நான் பென்சிலை எடுத்தேன். "நீ வேண்டாம்மா" என்று பிடுங்கிக்கொண்டாள். அவன் முதல் ஸ்வரத்தின் மேலேயே 1 என்று எழுதினான். அவள் ஒன்றும் பேசாமல் அழிப்பானை அவன் பக்கம் நகர்த்தினாள்.